தோற்றவன்தான் ஓனரிடம் பேச வேண்டும்

பாய்,

இன்று காலை உன் ஷூ பெட்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் அந்த வாசனை வந்துவிட்டது. ஷூ லைனிங் தோலும் டீசலும் கலந்த வாசனை. வேனில் நீ என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தால் வருமே, அதேதான். உள்ளே உன் பிரஷர் கேஜ், ஆட்டுத்தோல் துண்டுக்குள், நீ சுற்றி வைத்த மாதிரியே படுத்திருந்தது. நான் எத்தனை முறை எடுத்துச் சுற்றினாலும் உன் மடிப்பு எனக்கு வருவதில்லை. போன வாரம் எப்படியோ வந்திருக்கிறது. எனக்கே ஆச்சரியம்.

இடம் மாதனூர். சரோஜா அக்காவின் புது பொக்லைன், அதாவது அவருக்குப் புதுசு, நமக்கு எல்லாமே பழசுதான். ஏரிக்கால்வாயில் தூர் வாரிக்கொண்டிருந்தது. திடீரென்று சிவப்பு விளக்கு, பஸ்ஸர் சத்தம், இன்ஜினில் ஆயில் பிரஷர் இல்லை என்று பேனலில் எழுத்து. டிரைவர் நல்லவன், உடனே ஆஃப் செய்துவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.  வேனிலிருந்து நான் ஷூ பெட்டியை எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்து ரோட்டில் ஷூ கம்பெனி பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உனக்குப் பொறுமை கிடையாது என்று தெரியும். எண்ணெயிலிருந்து சமோசாவை எடுப்பதற்குள் கையை நீட்டுகிற ஆள் நீ. ஆனாலும் காத்திரு. அதற்கு முன்னால் உன்னோடு எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும்.

பள்ளிகொண்டாவில் பைபாஸ் ஓரத்துத் தகரக் கொட்டகையை ரிப்பேர் கடைக்காக நாம் பிடித்த காரணம் ஞாபகம் இருக்கிறதா? நீ ஆம்பூர், நான் பாகாயம். யாருக்கும் வருத்தம் இல்லாமல் நடுவில் ஓர் ஊர் வேண்டும் என்று பார்த்தோம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மதியம் நீ தொழுகைக்குப் போய்விடுவாய். ஞாயிறு காலை நான் சர்ச்சுக்குப் போய்விடுவேன். வாரத்தில் இரண்டு அரை நாள் கடை மூடியிருக்கிறதே என்று கொட்டகை ஓனர் கேட்டதற்கு, "ரெண்டு பேரும் உங்களுக்காகத்தான் துவா கேக்கப் போறோம்" என்றாய். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்ஜினும் ஹைட்ராலிக்கும் உன்னுடையவை. ஒயர், சென்சார், பேனல் எல்லாம் என்னுடையவை. பங்காளிகள் வயலுக்கு நடுவில் வரப்புப் போட்ட மாதிரிதான் பிரித்துக்கொண்டோம். அந்த வரப்பின் மேல்தான் தினமும் நமக்குச் சண்டை. என் லேப்டாப்புக்கு நீ வைத்த பெயர் ஜோசியப் பொட்டி. நான் அதை வண்டியில் மாட்டி ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நின்று, "இன்னா சொல்லுது, சனி எப்போ வுடுதாம்?" என்பாய். எனக்குக் கோபம் வரும். கோபம் வரவேண்டும் என்பதற்காகவே கேட்பாய்.

பந்தயம் எப்படி ஆரம்பித்தது என்று எனக்கு நினைவில்லை. எந்த சைட்டுக்குப் போனாலும் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் இருவரும் தீர்ப்பைச் சொல்லிவிட வேண்டும். இன்ஜினா, ஒயரா. பெரும்பாலும் நீ இன்ஜின் என்பாய், நான் ஒயர் என்பேன். அவரவர் தொழில் மேல் அவரவருக்குப் பிரியம். தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டாம், எதுவும் தர வேண்டாம். போய் ஓனரிடம் பேச வேண்டும். அது போதும். நம் தொழிலில் போல்ட்டு கழற்றுவதா கஷ்டம்? வண்டி நின்று, வேலை நின்று, வயிற்றெரிச்சலோடு நிற்கிற மனுஷன் முன்னால் போய் இதுதான் பிரச்சினை, இத்தனை நாள் ஆகும் என்று சொல்வதுதான் கஷ்டம்.

நீ தோற்றாலும் அதை அழகாகச் செய்வாய். ஓனரிடம் போனதும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பாய். தாகமே இருக்காது. தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிற நேரத்தில் அவருடைய கோபத்தில் பாதி இறங்கிவிடும். மீதிப் பாதியை நீ நிதானமாகக் குடித்து முடிப்பதற்குள் இறக்கிவிடுவாய். பிறகுதான் விஷயம். நான் தோற்றால் நேராகப் போய் விஷயத்தைப் போட்டு உடைப்பேன். திட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

ஆனால் பாய், நீ அதிகம் தோற்கவில்லை. உனக்கு இந்தப் பக்கத்தில் இருந்த பெயரே காதுக்கார பாய். வாணியம்பாடியிலிருந்துகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் உன்னைத் தேடி வந்தார்கள். ஓடுகிற இன்ஜினின் மேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வாய். பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கண்ணைத் திறந்து, "உள்ள நல்லாருக்குது. போ தோஸ்து, இது உன் வேல" என்று சொல்லிவிட்டால் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கும். பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "மீட்டரு காது இல்லாதவனுக்கு."

அந்தக் காதுதான் போக ஆரம்பித்தது. எப்போதிலிருந்து என்று உனக்கும் தெரிந்திருக்காது. போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போட்டுப் பேச ஆரம்பித்தாய். நடந்தால், வலது காது என் பக்கம் இருக்கும்படி, என் இடது பக்கமாகவே வந்தாய். ஹைவே ஓரத்துக் கொட்டகை என்பதால் எதற்கெடுத்தாலும் லாரி சத்தத்தின் மேல் பழியைப் போட வசதியாக இருந்தது. ஒருநாள், பள்ளிவாசலில் மைக்கு சத்தத்தைக் கம்மி பண்ணிவிட்டார்கள், பாங்கு சரியாகவே கேட்கவில்லை என்று கமிட்டிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தாய். நான் கையிலிருந்த ஒயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று மதியம் அதே பாங்கு கொட்டகையில் எனக்கு வழக்கம்போல, நன்றாகவே கேட்டிருந்தது. நீயாகச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். காதுக்கார பாய்க்குக் காது கேட்கவில்லை என்று ஊரில் ஒருவன் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் உன்னை யார் கூப்பிடுவார்கள்? அந்தப் பயம் உனக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

அப்போதுதான் சரோஜா அக்காவின் முதல் வண்டி வந்தது. ஷூ கம்பெனியில் தையல் லைனில் வருஷக்கணக்காக உட்கார்ந்து சேர்த்ததை எல்லாம் போட்டு வாங்கிய பழைய பொக்லைன். ஆம்பூருக்கு வெளியே தோல் பதனிடும் ஒரு ஷெட்டின் பின்புறம் வடிகால் தோண்டும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷெட்டுத் தண்ணீர் எல்லாம் பின் தெருவுக்குள் போகும். பாதி வாய்க்கால் தோண்டிய இடத்தில் வண்டி நின்றுவிட்டது. இன்றைக்கு மாதிரியே அதே சிவப்பு விளக்கு, அதே பஸ்ஸர். ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் ஓடும், ஆயில் பிரஷர் இல்லை என்று பேனல் சொல்லும், இன்ஜின் தானாகவே அணைந்துவிடும்.

ஆயில் பிரஷர் நிஜமாகவே இல்லை என்றால் அந்த வண்டியை ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது. உள்ளே இரும்பும் இரும்பும் உரசி இன்ஜின் மொத்தமும் பிடித்துக்கொள்ளும். பிரஷர் இருக்கிறது, அதை அளந்து சொல்கிற சென்சார்தான் பொய் சொல்கிறது என்றால், இன்ஜினைப் பிரிப்பது வீண். பிரித்தால் மழைக்கு முன்னால் கூட்ட முடியாது. இரண்டில் எது என்று நாம் சொல்ல வேண்டும். வழக்கம்போல நீ இன்ஜின், நான் ஒயர். என் லேப்டாப் அந்தப் பழைய வண்டியோடு பேசவே மாட்டேன் என்றுவிட்டது. நான் உன்னைப் பார்த்தேன். அக்காவும் உன்னைத்தான் பார்த்தார். நீ ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாய்.

எவ்வளவு நேரம் கேட்டாய், பாய். அணைந்ததும் மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னாய். இடம் மாற்றி வைத்தாய், காதை மாற்றினாய். கண்ணைத் திறந்து யாரையும் பார்க்காமல், "இன்ஜின்தான். இனிமே ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றாய். அக்காவின் முகம் செத்துவிட்டது. நான் சும்மா இருக்க முடியாமல் கையிலிருந்த புதுச் சென்சாரை மாற்றிப் பார்க்கலாம் என்றேன். மாற்றினேன். சாவியைத் திருப்பினால் அதே சிவப்பு விளக்கு. உன் தீர்ப்புதான் சரி என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

நீ என் சட்டையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாய். ஷெட்டிலிருந்து வந்த நாற்றத்தில் மூச்சு விட முடியவில்லை.

"என் காது போய்ட்டுது தோஸ்து," என்றாய். "உள்ள நல்லாருக்குதா இல்லயான்னு எனக்குத் தெரியல. நல்லாருக்குதுன்னு சொல்லி, அந்தம்மா ஓட்டி, இன்ஜின் போச்சுன்னா இன்னா பண்றது? அதான் நிறுத்தச் சொல்லிட்டேன்."

 நாளைக்குக் காலையில் பார்க்கலாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வேனில் வரும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். எனக்கு உன் மேல் அவ்வளவு பிரியம் வந்தது. உன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, நல்லாயிருக்குது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாதிக்குப் பாதி ஜெயிக்கிற வாய்ப்பு. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அடுத்தவர் இன்ஜினை வைத்து அந்தச் சூதாட்டம் ஆட உனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை நீ எனக்கு முன்னாலேயே சைட்டில் நின்றாய். கக்கத்தில் ஷூ பெட்டி. மூடியில் ஏதோ ஏற்றுமதி ஸ்டிக்கர், உள்ளே ஆட்டுத்தோலில் சுற்றிய புது பிரஷர் கேஜ். எங்கே வாங்கினாய், எப்போது வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை. கடைகள் திறக்கும் நேரம்கூட ஆகவில்லை. நீயும் சொல்லவில்லை. "மூஞ்சியப் பாக்காத, ஸ்பேனர எடு" என்றாய், அவ்வளவுதான்.

இன்ஜின் பக்கவாட்டில் ஆயில் ஓடுகிற வழியில் ஒரு மூடித் திருகு இருக்குமே, அதைக் கழற்றி அந்த இடத்தில் கேஜின் குழாயை நீயே பொருத்தினாய். கொஞ்சம் ஆயில் உன் கையில் வழிந்தது. நான் சாவியைத் திருப்பினேன். பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது, பஸ்ஸர் கத்தியது. உன் கையிலிருந்த கேஜில் முள் எழுந்தது. எழுந்து, நன்றாக மேலே போய், அசையாமல் நின்றது. பேனல் பிரஷர் இல்லை என்கிறது, முள் இருக்கிறது என்கிறது. நீ அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாய். இன்ஜின் அணைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"உள்ள நல்லாருக்குது," என்றாய். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நீ தோற்றுவிட்டாய். ஒருவன் தோற்று அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் என் வேலை. சென்சார் புதுசு, இன்ஜினும் நன்றாக இருக்கிறது, பிறகு ஏன் பொய் சொல்கிறது? சென்சாருக்கு வருகிற ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றுகூட முழுசாக இல்லை. பட்டினி கிடக்கிற சென்சார் என்ன சொல்லும்? அந்த ஐந்து வோல்ட் ஒயர் ஒன்றேதான் கிளை பிரிந்து வேறு இரண்டு சென்சார்களுக்கும் போகிறது. அவற்றில் ஏதோ ஒன்று மொத்தத்தையும் குடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதான். நான் இந்தப் பக்கம் மீட்டரோடு உட்கார்ந்தேன். நீ அந்தப் பக்கம் போய் பிளக்குகளைக் கழற்ற ஆரம்பித்தாய்.

டீசல் பிரஷர் சென்சாரைக் கழற்றினாய். மாற்றம் இல்லை. டர்போ பக்கத்துக் காற்று பிரஷர் சென்சாரைக் கழற்றினாய். மீட்டரில் ஐந்து வோல்ட் வந்துவிட்டது. வந்துருச்சு என்று கத்தினேன். உனக்குக் கேட்கவில்லை. நீ பிளக்கைத் திரும்ப மாட்டப் போனாய். வேண்டாம், வேண்டாம் என்று இன்னும் கத்தினேன். தோல் ஷெட்டில் டிரம்முகள் உருளுகிற சத்தம் வேறு. அப்போது உனக்கு எதிரே நின்ற சரோஜா அக்கா உள்ளங்கையை விரித்து உன் முகத்துக்கு நேராகக் காட்டினார். உன் கை அப்படியே நின்றது.

அக்கா உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.  நீ தலையைக் குனிந்து கையிலிருந்த பிளக்கைத்தான் பார்த்தாய். அங்கே இன்னொன்று காத்திருந்தது. பிளக்குக்கு மேல் ஒயரைச் சுற்றி, இரும்பில் உரசாமல் இருக்க, ஒரு தோல் துண்டு கட்டியிருந்தது. நீலம் பாரித்த தோல். குரோம் தொட்டியிலிருந்து எடுத்த, காயவைக்காத வெட் ப்ளூ. அந்தத் தோலிலிருந்த உப்பும் அமிலமும் சொட்டுச் சொட்டாகப் பிளக்குக்குள் இறங்கி, பின்கள் எல்லாம் பச்சையாகப் பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த முடிச்சை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். கொஞ்ச நாள் முன்னால் இதே ஷெட்டுக்கு நாம் சர்வீசுக்கு வந்தபோது நீ கட்டியதுதான். எந்த வண்டியாக இருந்தாலும் ஒயர் உரசுகிற இடத்தில் நீ ஒரு தோல் துண்டு சுற்றாமல் விடமாட்டாய். ஆம்பூரில் பிறந்தவன் டேப்பை நம்புவதில்லை, தோலைத்தான் நம்புவான். எப்போதும் காய்ந்த லைனிங் தோல்தான் எடுப்பாய். அன்று பெட்டியில் தீர்ந்துபோய், ஷெட்டுத் தரையில் கிடந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறாய். ஆயிலுக்கு ஒன்றும் இல்லை, ஆயில் சென்சாருக்கும் ஒன்றும் இல்லை. வேறு மூலையில் ஒரு காற்று சென்சார், அதன் மேல் உன் கைமுடிச்சு.

பிளக்கைச் சுத்தம் செய்து, காயவைத்து மாட்டினோம். விளக்கு அணைந்தது. பஸ்ஸர் நின்றது. இப்போது யாராவது போய் அக்காவிடம் பேச வேண்டும். நான் போகிறேன் என்றேன். உன்னைத் தடுக்கத்தான் சொன்னேன். ஒயர் கோளாறு என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ ஷூ பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, "தோத்தது யாரு? நான்தானே?" என்று சொல்லிவிட்டு நடந்தாய்.

அன்று நீ தண்ணீர் கேட்கவில்லை. நேராகப் போய், இது தன் கையால் கட்டிய தோல், அதனால்தான் வண்டி நின்றது என்று சொன்னாய். நேற்று இன்ஜின் என்று சொன்னதும் தப்பு, காது கேட்காததால் சொன்னது என்றும் சொன்னாய். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நின்றாய்.  அக்கா போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தார்.

"கேக்கலன்னா சொல்றதுக்கு இன்னா பாய்?" என்றார். "எங்க லைன்ல மெஷின் ஓடறப்போ யாருக்குதான் கேக்குது? கையாலதான் பேசிக்குவோம். வெட் ப்ளூவ மட்டும் இனிமே என் வண்டில கட்டாதீங்க. வேற எது ரிப்பேர்னாலும் நீங்கதான் வரணும்."

பிறகு வேலை ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, அவர் நமக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து இழுத்தால் நூல் தீர்ந்துவிட்டது. முஷ்டியை மூடினால் மெஷின் நின்றுவிட்டது. புருவத்தைத் தூக்கி உள்ளங்கையை மேலே திருப்பினால், யார் செய்தது? நீ குழந்தை மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் செய்து காட்டினாய். மூன்றாவது நாளே நமக்கு ஒரு புது பாஷை வந்துவிட்டது. நூல் இழுத்தால் ஒயர். முஷ்டி என்றால் இன்ஜின். நம் பந்தயத்தைக் கேள்விப்பட்ட அக்கா தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டார். அவருடைய சைட்டுக்குப் போனால், வேலை முடிகிற நேரத்தில் தூரத்திலிருந்தே புருவத்தைத் தூக்கிக் கையைத் திருப்புவார். யார் தோத்தது?

உனக்குக் காது கேட்காது என்பது ஊருக்குத் தெரிந்தது. நீ பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. கேஜுக்கார பாய் என்று பெயர் மாறியது, அவ்வளவுதான். மீட்டரைக் கேலி செய்த நீ அந்தக் கேஜைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாய். வெயிலில் வைக்க விடமாட்டாய், வேனில் வேறு சாமான் அதன் மேல் இருக்கக் கூடாது. நமக்குப் பேச்சுக் குறைந்துபோய் சண்டை ஜாஸ்தியாகிவிட்டது. கையால் சண்டை போடுவதில் ஒரு வசதி, வாயில் டீ இருக்கும்போதும் போடலாம். அந்த வருஷங்கள்தான் நமக்கு நல்ல வருஷங்கள் என்று இப்போது தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். உனக்குத் தெரியாததா? வேலூரில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் மானிட்டர் திடீரென்று கத்தியது. நான் பதறி எழுந்தேன். நீ சாவகாசமாக என்னைப் பார்த்து நூல் இழுத்தாய். ஒயர். நர்ஸ் வந்து, உன் விரலில் நழுவியிருந்த கிளிப்பைச் சரியாக மாட்டியதும் சத்தம் நின்றது. நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கும் சிரிப்பாகவே இருந்தது.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் மானிட்டர் கத்தவே இல்லை. நீயாக என்னைக் கூப்பிட்டு, முஷ்டியை மூடி நெஞ்சின் மேல் வைத்தாய். நான் நூல் இழுத்தேன். நீ இல்லை என்று தலையை ஆட்டினாய். நான் மறுபடி இழுத்தேன். நீ என் விரல்களைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாய். அந்தப் பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய், பாய். தோற்றவன் நான், உன் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியதும் நான். வாசலில் நின்று முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். உன் வீட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முஷ்டியாக மூடியிருந்த என் கையைப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை.

உன் மேல் மண் போட்டுவிட்டு வந்த பிறகு இந்த ஷூ பெட்டியை எனக்குக் கொடுத்தனுப்பினார்கள். அது முதல் வேனில் உன் சீட்டில்தான் அது உட்கார்ந்து வருகிறது. அதன் மேல் வேறு சாமான் எதுவும் வைப்பதில்லை.

சரி, இன்றைய காலைக்கு வருகிறேன். பானட்டைத் திறப்பதற்கு முன் தீர்ப்புச் சொல்ல வேண்டும் இல்லையா? ஒரு கையால் உனக்காக முஷ்டியை மூடினேன். இன்னொரு கையால் எனக்காக நூல் இழுத்தேன். டிரைவர் ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும். மூடித் திருகைக் கழற்றி, கேஜைப் பொருத்தி, சாவியைத் திருப்பச் சொன்னேன். அந்த ஒரு கணம், சொன்னால் சிரிக்காதே, எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்காவது நீ தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். முள் எழுந்தது. மேலே போய் அசையாமல் நின்றது. உள்ளே நன்றாக இருக்கிறது, பாய். சென்சாருக்குப் போகிற ஒயரை எலி கடித்திருந்தது. இதில் உன் தோல் எதுவும் இல்லை.

ஒயரை ஒட்டி, இரும்பில் உரசாமல் இருக்கக் காய்ந்த லைனிங் தோலைச் சுற்றி, உன் முடிச்சையே போட்டேன். விளக்கு அணைந்தது. பொக்லைன் முழு வேகத்தில் உறுமியது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. வேப்பமரத்தடியிலிருந்து அக்கா புருவத்தைத் தூக்கி, உள்ளங்கையை மேலே திருப்பினார்.

நான் ஷூ பெட்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அக்கா சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு குனிந்து குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, தோற்றவன் வந்து பேசட்டும் என்று காத்திருந்தார். உன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் நடந்தேன்.